பூச்சாடிக்கு மணம் தரும் தழைகள்: பறிப்பதிலிருந்து அடுக்குவது வரை

கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது. ஆனாலும் கனகாம்பரச் சரம் மணக்கும். பூக்கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் காரணம் தெரியும். நாரில் நான்கைந்து கனகாம்பரம், ஒரு முடிச்சு. அப்புறம் சிட்டிகை மரிக்கொழுந்து, ஒரு முடிச்சு. நிறத்துக்குப் பூ, வாசத்துக்கு இலை. கதம்பம் கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆட்கள், நான் உட்பட, வீட்டில் கண்ணாடிச் சாடியில் பூ வைக்கும்போது இதை மறந்துவிடுகிறோம். கடையில் ஒரு கட்டு ரோஜா வாங்குகிறோம். முகர்ந்தால் ஒன்றுமில்லை. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ந்து வரும் ரோஜாக்கள், வெட்டிய பின் பல நாள் தாங்க வேண்டும், பெட்டியில் அடுக்கிப் பயணம் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ரகங்கள். அந்தத் தேர்வில் மணம் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. ஜெர்பெராவுக்கு ஆரம்பத்திலிருந்தே மணம் இல்லை. கடைக்காரர் கூடவே செருகிக் கொடுக்கும் பச்சைக்கும் இல்லை.

அதனால் நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் தழை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு எந்தப் பூ என்று யோசிப்பது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

இலை எப்படி மணக்கிறது?

ஒரு எலுமிச்சை இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல வெளிச்சப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு எண்ணெய்ப் பை. நார்த்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் இதே குடும்பம்தான், அவற்றிலும் இருக்கும். துளசி, புதினா, கற்பூரவல்லி ஆகியவற்றில் எண்ணெய் இலையின் மேலேயே, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகளில் இருக்கிறது.

பூ தானாக மணத்தை வெளியே விடும். மல்லிகை அடுத்த அறையில் இருந்தாலும் தெரிந்துவிடும். இலை அப்படி இல்லை. தொட வேண்டும், உரச வேண்டும், அல்லது வெயிலும் காற்றும் பட வேண்டும். துளசி, புதினா வகை லேசாகத் தடவினாலே மணக்கும். எலுமிச்சை வகையைக் கசக்கினால்தான் மணக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், எதைச் சாடியின் ஓரத்தில் வைப்பது, எதை நடுவில் வைப்பது என்பது பின்னால் எளிதாகிவிடும்.

படி 1: தழையைத் தேர்ந்தெடுப்பது

மரிக்கொழுந்திலிருந்தே தொடங்குவோம். சாம்பல் பூத்த பச்சையில், பொடிப்பொடியாக நறுக்கியது போன்ற இலை. இதைத் தவனம் என்றும் சொல்வார்கள். மரு என்பது வேறு செடி, சின்ன வட்ட இலை. ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் இடம் மாறிக்கொள்ளும் என்பதால், கடையில் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட முகர்ந்து பார்த்து வாங்குவது மேல். மரிக்கொழுந்தில் ஒரு சிக்கல்: சரம் கட்டுவதற்கென்று குட்டையாக வெட்டி விற்பார்கள். பெரிய சாடிக்கு எட்டாது. கை அகலக் கிண்ணம், டம்ளர், சின்னச் செம்பு போன்றவற்றுக்குத்தான் சரி. நான் ஏழெட்டுக் காம்பை நாரால் கட்டி ஒரே கொத்தாக்கி, சாடியின் விளிம்பில் உட்கார வைப்பேன்.

திருநீற்றுப்பச்சிலைதான் என்னுடைய முதல் தேர்வு. சப்ஜா விதை தரும் அதே செடி. தொட்டியில் வரும், வளர வளர வெட்டலாம், வெட்ட வெட்டக் கிளைக்கும். சாடிக்கு இளந்தளிரை வெட்டாதீர்கள். ஒரு மணி நேரத்தில் தலை தொங்கிவிடும். கதிர் விட்டு, காம்பு அடியில் கொஞ்சம் கட்டையாக மாறிய பிறகு வெட்டினால் ஒரு வாரம் நிற்கும். அந்தக் கதிரே பாதி அழகு. சில வகைகளில் கதிர் கருஞ்சிவப்பாக வரும். மஞ்சள் சாமந்தியோடு வைத்தால் வேறு எதுவும் தேவைப்படாது.

துளசி வைக்கலாமா என்று கேட்பார்கள். செடியைப் பொறுத்தவரை தாராளமாக வைக்கலாம். ஆனால் பூஜைக்குரியதை அலங்காரத்துக்கு வெட்டுவதும், வாடியதும் குப்பையில் போடுவதும் பல வீடுகளில் மனதுக்கு ஒப்பாது. மாலைக்கு மேல் துளசியைத் தொடவே மாட்டார்கள். நான் அந்த வம்புக்குப் போவதில்லை. திருநீற்றுப்பச்சிலை இருக்கும்போது தேவையும் இல்லை. வில்வத்துக்கும் இதே கதைதான்.

எலுமிச்சை, நார்த்தைக் கிளைகள் உறுதியானவை. பளபளப்பான இலை, கட்டைக் காம்பு, பத்து நாள் வரை நிற்கும். முள்ளைக் கத்தியால் நறுக்கிவிட்டுத்தான் கையாள வேண்டும். நுனியில் பிஞ்சு ஒட்டியிருக்கும் கிளை கிடைத்தால் விடாதீர்கள்.

கற்பூரவல்லியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லோர் வீட்டிலும் இருக்கும், தண்ணீரில் வைத்தால் வேர்விடும், வாடவே வாடாது. ஆனால் மணம் ஓமத்தின் மணம். ஒரு காம்பு போதும். மூன்று வைத்தால் மருந்துக்கடை. இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன், பின்னால் சொல்கிறேன்.

புதினா மலிவு. கடைக்கட்டில் நீளமான, ஊதா ஓடிய காம்புகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைப்புல்லின் ஓரம் கையை அறுக்கும். நீளமாக வளைந்து விழும் கோடு வேண்டுமென்றால் அதை விட்டால் வேறில்லை. நொச்சியின் இலை அடிப்பக்கம் வெள்ளிபோல் இருக்கும், நீலக்கதிரும் உண்டு. மணம் கொஞ்சம் காட்டம், சிலருக்குப் பிடிக்காது. பொங்கல் சமயத்தில் மஞ்சள் கொத்து வாங்குவோமே, பானையில் கட்டியது போக மீதி இலையைத் தூக்கிப் போடாமல் சாடியின் உட்சுவரைச் சுற்றி ஒரு இலையை வளைத்து விட்டால் காம்புகள் தெரியாது. இலை தண்ணீரில் முழுகுவதால் இரண்டு நாள் கூத்துதான், ஆனால் அந்த இரண்டு நாளும் அழகு.

மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு யோகம். நீலகிரிக்கு யூகலிப்டஸ் 1843-இல் வந்தது என்பார்கள். இன்று அது இல்லாத மலைச்சாலையே இல்லை. பெரிய மரத்தின் இலை அரிவாள்போல் நீளமாக இருக்கும், அது சாடிக்கு அவ்வளவு சுகமில்லை. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் இளங்கிளையைப் பாருங்கள்: காம்பே இல்லாமல் எதிரெதிராக ஒட்டிய வட்ட இலைகள், திருநீறு பூசியது போன்ற நிறம். இரண்டு வாரத்துக்கு மேலும் நிற்கும், காய்ந்தாலும் உருவம் மாறாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ரோஸ்மேரியும் ரோஜா மணமுள்ள ஜெரேனியமும் நன்றாக வரும். ஜெரேனியத்தின் இலையை ஒருமுறை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கடை ரோஜாவிடம் எதிர்பார்த்து ஏமாந்த மணம் அங்கே இருக்கும். மணமில்லாத ரோஜாவைச் சுற்றி அந்த இலையை வைப்பது கொஞ்சம் ஏமாற்று வேலைதான். எனக்குப் பிடித்த ஏமாற்று.

வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் யூகலிப்டஸையும் கற்பூரவல்லியையும் தவிர்த்துவிடுங்கள். மென்றால் அவற்றுக்கு ஆகாது.

படி 2: வெட்டுவது

விடியற்காலை, வெயில் ஏறும் முன். இரவெல்லாம் வேர் இழுத்த தண்ணீர் அப்போதுதான் இலையில் நிறைந்திருக்கும். காலையில் முடியாவிட்டால் சூரியன் இறங்கிய பிறகு. நண்பகலில் வெட்டிய தழையை எவ்வளவு சீராட்டினாலும் பழைய நிலைக்கு வராது.

கையோடு ஒரு வாளித் தண்ணீர் கொண்டு போங்கள். வெட்டியதை மடியில் சேர்த்து வைத்து, எல்லாம் முடிந்ததும் தண்ணீரில் போடலாம் என்பது வேண்டாம். காம்பு வெட்டுப்பட்ட கணத்தில் உள்ளே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர்க்கோடு அறுந்து, அந்த இடத்தில் காற்று புகும். காற்று அடைத்தால் வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் இலை தாகத்தில் வாடும்.

மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கும். கூரான கத்தி போதும். கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. செடியும் அந்தக் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

படி 3: தண்ணீர் குடிக்க வைப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் ‘தழை ஒரு நாள்கூட நிற்கவில்லை’ என்பார்கள். பூவைவிட இலைக்குத் தாகம் அதிகம். பரப்பு பெரிது, தண்ணீர் அதன் வழியாகத்தான் ஆவியாகிறது.

வீட்டுக்குள் வந்ததும் கீழ்ப்பாதி இலைகளை உருவிவிடுங்கள். காம்பின் அடியில் ஒரு அங்குலம் மறுபடி வெட்டுங்கள், முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே பிடித்து. பிறகு காம்பு பாதி முழுகும் அளவு தண்ணீரில், இருட்டான குளிர்ந்த மூலையில் வையுங்கள். குளியலறை ஓரம் நல்ல இடம். நார்த்தை, யூகலிப்டஸ் போன்ற கட்டைக் காம்புக்கு மூன்று மணி நேரம் போதும். திருநீற்றுப்பச்சிலை, புதினா, மரிக்கொழுந்து போன்ற மென்மையானவற்றுக்கு ஓர் இரவு கொடுங்கள். வைத்தவுடன் எல்லாம் துவண்டு கிடக்கும். பயப்பட வேண்டாம். காலையில் நிமிர்ந்து நிற்கும். அப்போதும் நிமிராத காம்பு இனி நிமிராது, ரசத்தில் போடலாம்.

நுனி மட்டும் தொங்கினால், அந்த இரண்டு அங்குலத் தளிரைக் கிள்ளிவிடுங்கள். மிச்சம் நிற்கும்.

கட்டைக் காம்பின் அடியைச் சுத்தியலால் தட்டி நசுக்கச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. நானும் பல வருடம் தட்டினேன். நசுங்கிய நார்களில் தண்ணீர் ஏறுவதும் குறையும், அழுகலும் சீக்கிரம் வரும். அதற்குப் பதிலாகக் காம்பை அடியிலிருந்து ஒரு அங்குலம் மேல்நோக்கிக் கத்தியால் பிளந்துவிட்டால் போதும்.

இப்போது அந்தக் கற்பூரவல்லிக் கதை. அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மேசை அலங்காரம் என் பொறுப்பு. முந்தின நாள் மாலை அருமையான திருநீற்றுப்பச்சிலை இருபது காம்பு வெட்டினேன். கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் ஈரச் செய்தித்தாளில் சுற்றி, ஃபிரிட்ஜில் மல்லிகைப் பையின் பக்கத்தில் வைத்தேன். காலையில் பிரித்தால், வெந்நீர் ஊற்றியது போல இலையெல்லாம் கறுப்பு. மல்லிகைக்கு ஒன்றும் ஆகவில்லை. திருநீற்றுப்பச்சிலை வெப்பநாட்டுச் செடி. 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையின் திசுக்கள் சிதைந்துவிடும் என்று அப்புறம்தான் படித்தேன். நேரமில்லை. மாடியிலிருந்த கற்பூரவல்லித் தொட்டியை மொட்டையடித்து எல்லா மேசைக்கும் பங்கிட்டேன். பந்தியில் உட்கார்ந்த பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்து, “ஏம்ப்பா, யாருக்கு வயிறு சரியில்லை? ஓமவாட்டர் வாசம் தூக்குதே” என்றார்.

ஆக, திருநீற்றுப்பச்சிலை ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது. அறையின் குளிர்ந்த மூலையே அதற்குச் சரி.

படி 4: சாடியும் தண்ணீரும்

சாடியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சும்மா அலசினால் பழைய வழுவழுப்பு உள்ளேயே இருக்கும், அதுதான் கிருமிகளின் வீடு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது. மணமுள்ள இலை அழுகினால் நாற்றம் சாதாரண இலையைவிட மோசம்.

தண்ணீரில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ப்ளீச் சொட்டு என்று பல பக்குவங்கள் உண்டு. சர்க்கரை பூ மலர உதவும் என்பது உண்மைதான். ஆனால் நம் வெயிலில், கிருமியைத் தடுக்காமல் சர்க்கரை மட்டும் போட்டால் தண்ணீர் ஒரே நாளில் கலங்கிவிடும். ப்ளீச் போட்டால் அந்த நெடி மரிக்கொழுந்தை அமுக்கிவிடும். நான் எதுவும் போடுவதில்லை. தினமும் தண்ணீர் மாற்றுகிறேன்.

பூக்கடைக்காரர்கள் பச்சை ஸ்பாஞ்சில் குத்துவார்கள். கட்டைக் காம்புக்கு அது சரி. புதினாவின் காம்பு அதில் இறங்கவே இறங்காது, இறங்கினாலும் தண்ணீர் இழுக்காது. பதிலாக, கோழிக்கூண்டுக் கம்பிவலையில் ஒரு துண்டைப் பந்துபோல் உருட்டிச் சாடிக்குள் விடுங்கள். காம்பு நினைத்த கோணத்தில் நிற்கும், கழுவி எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கண்ணாடிச் சாடியென்றால் வலை தெரியும். வாய்ப்பகுதியில் செலோடேப்பைக் குறுக்கும் நெடுக்கும் கட்டம்போல் ஒட்டிக்கொள்ளலாம்.

படி 5: அடுக்குவது

ஒரு சாடியை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். 20 சென்டிமீட்டர் உயரச் சாடி. நார்த்தைக் கிளை ஐந்து, கதிர் விட்ட திருநீற்றுப்பச்சிலை ஏழு, மரிக்கொழுந்து ஒரு சின்னக் கட்டு, ஆரஞ்சு ரோஜா பத்து.

முதலில் நார்த்தை. இதுதான் எலும்புக்கூடு. நடுவில் ஒன்று, சாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு மேலே எழும்பட்டும். மற்ற நான்கையும் சுற்றிலும் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள், எல்லாம் ஒரே உயரத்தில் வேண்டாம். காம்புகள் உள்ளே ஒன்றையொன்று குறுக்காகப் பின்னிக்கொள்ளும். பூவைத் தாங்கப் போவது அந்தப் பின்னல்தான். நார்த்தை கசக்கினால்தான் மணக்கும், அதனால் அது உள்ளே, உயரத்தில் இருப்பதில் நஷ்டமில்லை.

அடுத்து ரோஜா. தழையெல்லாம் வைத்து முடித்த பிறகு பூவைச் செருகப் போனால் இலைகள் நசுங்கும், பூ மேலே மேலே மிதப்பது போல இருக்கும். எலும்புக்கூடு நின்றதும் பூவை வைத்துவிட வேண்டும். பத்தையும் வட்டமாகச் சமதூரத்தில் குத்தாமல், மூன்று ஓரிடத்தில் நெருக்கமாக, இரண்டு இன்னோரிடத்தில் தாழ்வாக என்று விடுங்கள்.

பிறகு திருநீற்றுப்பச்சிலை. ரோஜாக்களுக்கு இடையிலும், அதைவிட முக்கியமாக விளிம்பிலும். கதிர்கள் வெளியே எட்டிப் பார்க்கட்டும். போகிற வருகிற கை அதில் படும். கடைசியாக மரிக்கொழுந்துக் கட்டு, ஆட்கள் பார்க்கும் பக்கத்தில் விளிம்போடு ஒட்டி. அதன் குட்டைக் காம்பு தண்ணீரைத் தொடுகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். நான் பலமுறை தவறவிட்டது அங்கேதான்.

தழையும் பூவும் எவ்வளவுக்கு எவ்வளவு என்றால், நான் பாதிக்கு மேல் தழையே வைப்பேன். பூச்செலவும் குறையும்.

ஒரு சாடிக்கு எத்தனை மணம் என்பதிலும் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. காட்டமானது ஒன்று, மெல்லியது ஒன்று, அவ்வளவுதான். சம்பங்கி வைக்கும் சாடியில் மணத்தழையே வேண்டாம். சம்பங்கி யாருடனும் சேர்ந்து போகாது, மாலையானால் வீட்டையே எடுத்துக்கொள்ளும். ஜெர்பெரா வைத்தால், அதன் ரோமக்காம்பு ஆழத் தண்ணீரில் அழுகும் என்பதால் இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும் விட்டு, காலையும் மாலையும் நிரப்ப வேண்டும்.

படி 6: வைக்கும் இடம்

தொட்டால் மணக்கும் தழையை அலமாரி உச்சியில் வைத்து என்ன பயன்? கதவோரம், செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்துத் திண்ணை, கை கழுவும் இடம், மாடிப்படித் திருப்பம் ஆகியவற்றில் வையுங்கள். வருகிறவரின் முழங்கை உரசினாலே போதும்.

சாப்பாட்டு மேசைக்குச் சாப்பாட்டோடு சண்டை போடாத மணம் வேண்டும். புதினா, எலுமிச்சைப்புல், கறிவேப்பிலைக் கொத்து எல்லாம் அங்கே சொந்தக்காரர்கள். யூகலிப்டஸும் நொச்சியும் அங்கே வேண்டாம். மூச்சுத்திணறல் உள்ளவர் இருக்கும் அறையில் எதுவுமே வேண்டாம், வெறும் பூ போதும்.

மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் மணம் பரவும் என்று தோன்றும். முதல் அரைமணி நேரம் பரவும்தான், அதற்குள் இலை காய்ந்துவிடும். பழக்கூடைப் பக்கமும் ஆகாது. பழுக்கிற வாழையும் மாம்பழமும் விடுகிற எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைத்துவிடும். கார்னேஷன் இதற்கு முதல் பலி.

படி 7: அடுத்த சில நாட்கள்

தினமும் காலையில் தண்ணீரை மாற்றுங்கள். கலைக்காமல் மாற்ற ஒரு வழி: சாடியைக் குழாயடியில் வைத்து, மெதுவாகத் திறந்துவிட்டால் பழைய தண்ணீர் வழிந்து புதுத் தண்ணீர் நிற்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை காம்பின் அடியை அரை அங்குலம் வெட்டுங்கள். விருந்தாளி வருவதற்கு முன் விளிம்புத் தழையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக் கொடுத்தால், சாடி அப்போதுதான் வைத்தது போல இருக்கும்.

நாலாம் நாள் ரோஜா போகும். தழை போகாது. வாடிய பூவை எடுத்துவிட்டுத் தெருவில் வரும் சாமந்தி நான்கு வாங்கிச் செருகினால் அடுத்த சாடி தயார்.

ஒரு வாரம் கழித்துப் புதினா, கற்பூரவல்லி, சில சமயம் திருநீற்றுப்பச்சிலை காம்பின் அடியைப் பாருங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் அதை மண்ணில் நட்டுவிடலாம். என் மாடியில் இப்போதிருக்கும் புதினாத் தொட்டி ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாடியிலிருந்து இறங்கியதுதான். மரிக்கொழுந்தைத் தலைகீழாக நிழலில் கட்டிக் காயவையுங்கள். காய்ந்த பின்பும் அதன் வாசம் போகாது. மெல்லிய துணியில் முடிந்து பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தால், அடுத்த கல்யாணத்துக்குப் பீரோவைத் திறக்கும்போது தெரியும்.